இரைப்பைப் புற்றுநோயில் டி செல் ஆய்வு: எந்த வழியில் இறங்குவது?

நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யவிருக்கும் மாணவர்களும், எம்டி முடித்து ஆய்வுப் பக்கம் திரும்ப நினைக்கும் இளம் மருத்துவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரைப்பைப் புற்றுநோயில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள் என்ன செய்கின்றன என்று ஆராய வேண்டும் என்பதுவரை முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்குள் எந்தப் பகுதியை எடுப்பது என்பதில்தான் திணறுகிறார்கள். தடைநீக்கி மருந்துகள், கார்-டி சிகிச்சை, கட்டிக்குள் டி செல்களைச் சோர்வடையச் செய்யும் சூழல், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு எதிரான நோயெதிர்ப்பு என்று நான்கு பெரிய வழிகள் இருக்கின்றன. நான்குக்கும் தேவையான கருவிகள் வேறு, பணம் வேறு, பொறுமை வேறு.

தவறான வழியைத் தேர்ந்தெடுத்தால் போவது மாணவரின் ஐந்து ஆண்டுகள் மட்டுமல்ல. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 9.7 லட்சம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, 6.6 லட்சம் பேர் இறந்தார்கள். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களின் முன்வரிசையில் இது பல ஆண்டுகள் இருந்தது. நோயாளிகள் தங்கள் திசுவையும் ரத்தத்தையும் நம்மிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதை வைத்துக் கேட்கும் கேள்வி உருப்படியானதாக இருக்க வேண்டும். திசு நோயியல் துறையில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

முதல் வழி, தடைநீக்கி மருந்துகள். டி செல்லின் மேற்பரப்பில் உள்ள பிடி-1 என்ற புரதத்தை 1992இல் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் குழு கண்டறிந்தது. டி செல்லுக்கு அது பிரேக் போன்றது. புற்றுநோய் செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அந்தப் பிரேக்கை அழுத்துகின்றன. நிவோலுமேப், பெம்ப்ரோலிசுமேப் போன்ற மருந்துகள் அந்த அழுத்தத்தை விலக்குகின்றன. ஹோன்ஜோவுக்கும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வகைச் சிகிச்சைக்காகத்தான்.

இரைப்பையில் இந்த மருந்தின் கதை அட்ராக்‌ஷன்-2 ஆய்விலிருந்து தொடங்குகிறது. ஜப்பான், கொரியா, தைவான் ஆகிய இடங்களைச் சேர்ந்த 493 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கீமோ சிகிச்சைகள் பலனளிக்காதவர்கள். நிவோலுமேப் பெற்றவர்களின் ஆயுளின் நடுமதிப்பு (மீடியன்) 5.26 மாதங்கள், வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 4.14 மாதங்கள். வெறும் ஒரு மாத வித்தியாசம்தானே என்று பலர் அப்போது கைவிரித்தார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்களைப் பாருங்கள்: ஒரு பக்கம் 26 சதவீதம், மறுபக்கம் 11 சதவீதம். பெரும்பாலானவர்களுக்கு மருந்து எதுவும் செய்யவில்லை, சிலருக்கு நிறையச் செய்தது என்பதே இதன் பொருள். அந்தச் சிலர் யார்? இந்த வழியில் நடக்கும் ஆய்வு முழுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

பிறகு வந்த ஆய்வுகள் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னன. இரண்டாம் கட்ட சிகிச்சையில் பெம்ப்ரோலிசுமேப்பை பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துடன் ஒப்பிட்ட கீநோட்-061 தோற்றது. முதல் கட்டத்திலேயே கீமோவுடன் நிவோலுமேப்பைச் சேர்த்த செக்மேட்-649 வென்றது. 1,581 பேர் இருந்த அந்த ஆய்வில், திசுவில் பிடி-எல்1 எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களின் ஆயுள் 11.1 மாதங்களிலிருந்து 14.4 மாதங்களாக உயர்ந்தது. அதன் பிறகு பெம்ப்ரோலிசுமேப், டிஸ்லெலிசுமேப், சின்டிலிமேப் என்று வரிசையாக மருந்துகள் ஏறத்தாழ இதே அளவு பலனைக் காட்டின. 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, மதிப்பெண் 1க்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த மருந்துகளைக் கொடுப்பதில் நன்மை தெளிவாக இல்லை என்று பெரும்பான்மையாக வாக்களித்தது.

ஆக, ஒரு நோயாளிக்கு மருந்து கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த மதிப்பெண்ணில் தொங்குகிறது. அது எப்படிப் போடப்படுகிறது என்பதை அருகில் வந்து பார்த்தால்தான் இங்கே எவ்வளவு வேலை மிச்சமிருக்கிறது என்று புரியும். எண்டோஸ்கோபி வழியாகக் கிள்ளி எடுத்த திசு அரிசி மணியைவிடச் சிறியது. அதை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, பிடி-எல்1 புரதத்தைப் பழுப்பு நிறமாகக் காட்டும் சாயம் ஏற்றுவோம். பழுப்பு நிறம் ஏறிய புற்றுநோய் செல்கள், நோயெதிர்ப்பு செல்களான லிம்போசைட்டுகள், மேக்ரோபேஜ்கள் மூன்றையும் எண்ணி, உயிருள்ள புற்றுநோய் செல்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதுதான் சிபிஎஸ் என்ற அந்த மதிப்பெண். குறைந்தது நூறு புற்றுநோய் செல்களாவது துண்டில் இருக்க வேண்டும். புற்றுநோய் செல்லுக்கு விளிம்பில் நிறம் ஏறினால்தான் கணக்கு. பிளாஸ்மா செல்லும் நியூட்ரோபிலும் கணக்கில் வராது. மேக்ரோபேஜ் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும் இடத்தில் எது எதன் விளிம்பு என்று பிரித்துப் பார்ப்பது அனுபவம் உள்ளவருக்கே கடினம். ஒரே துண்டுக்கு ஒருவர் 4 போடுவார், மற்றவர் 6 போடுவார். இரைப்பையின் ஒரு மூலையில் எடுத்த துண்டு 10 காட்டும், இரண்டு சென்டிமீட்டர் தள்ளி எடுத்தது பூஜ்ஜியம் காட்டும். மருந்து தருவதா வேண்டாமா என்ற முடிவு இதன் மேல் நிற்கிறது.

இதைவிடத் தெளிவான அடையாளங்கள் இரண்டு ஏற்கெனவே தெரியும். 2014இல் அமெரிக்காவின் டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் இரைப்பைப் புற்றுநோயை நான்கு மூலக்கூறு வகைகளாகப் பிரித்தது. அவற்றில் ஒன்று எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள வகை, சுமார் 9 சதவீதம். இன்னொன்று டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதடைந்த எம்எஸ்ஐ வகை, சுமார் 22 சதவீதம். கொரியாவில் 61 பேருக்குப் பெம்ப்ரோலிசுமேப் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வைரஸ் உள்ள ஆறு பேருக்கும் கட்டி சுருங்கியது. எம்எஸ்ஐ வகையில் ஏழில் ஆறு பேருக்குச் சுருங்கியது. பிழைகள் நிறைந்த செல்லும் வைரஸ் புரதம் கொண்ட செல்லும் டி செல்லுக்கு அந்நியமாகத் தெரிவதுதான் காரணம். பிரான்சில் நடந்த நியோநிபிகா ஆய்வில், எம்எஸ்ஐ வகை நோயாளிகள் 32 பேருக்கு அறுவைக்கு முன் கீமோவே இல்லாமல் நிவோலுமேப்பும், சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் இபிலிமுமேப்பும் கொடுத்தார்கள். அறுவை செய்துகொண்ட 29 பேரில் 17 பேரின் இரைப்பையில் ஒரு புற்றுநோய் செல்கூட மிச்சமில்லை. இந்த முடிவைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. கீமோ ஏதும் இல்லாமல் டி செல்களே ஒரு கட்டியை முழுமையாகத் துடைத்தெடுக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இந்த உறுப்பில் இல்லை.

அறுவைக்கு முன்பே கொடுப்பது என்ற போக்கு இப்போது எல்லா வகைகளுக்கும் பரவுகிறது. 948 பேர் கலந்துகொண்ட மேட்டர்ஹார்ன் ஆய்வில் ஃப்ளாட் என்ற கூட்டு கீமோவுடன் டுர்வலுமேப் என்ற தடைநீக்கியைச் சேர்த்தபோது, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 58.5 சதவீதத்திலிருந்து 67.4 சதவீதமாக உயர்ந்தார்கள். முடிவு 2025இல் வெளியானது. ஆய்வாளருக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. மருந்துக்கு முன் எடுத்த பயாப்ஸி, மருந்துக்குப் பின் அறுவையில் கிடைத்த முழு இரைப்பை என்று ஒரே ஆளின் இரண்டு திசுக்களும் கையில் இருக்கும். டி செல் உள்ளே வந்ததா, எங்கே நின்றது என்று நேரடியாகப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி கார்-டி. மாணவர்களின் கண்ணில் முதலில் படுவது இதுதான். நோயாளியின் டி செல்லை எடுத்து, கிளாடின் 18.2 என்ற புரதத்தை அடையாளம் காணும் ஏற்பியை அதில் பொருத்தி, பெருக்கித் திருப்பிச் செலுத்துவது. கிளாடின் 18.2 நல்ல இரைப்பையில் செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்புகளுக்குள் மறைந்திருக்கும். புற்றுநோயில் அந்த ஒழுங்கு குலைந்து வெளியே தெரியும். இதே புரதத்தைக் குறிவைக்கும் சோல்பெட்டுக்சிமேப் என்ற ஆன்டிபாடி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் அது டி செல்லை நம்பியிருக்கும் மருந்தல்ல, இயற்கைக் கொல்லி செல்களையும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களையும் கொண்டு வேலை செய்வது.

பெய்ஜிங்கில் ஷென் லின் தலைமையில் நடந்த சாட்ரி-செல் ஆய்வு, திடக் கட்டிகளுக்கான கார்-டி சிகிச்சையில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட உலகின் முதல் ஆய்வு. 2025இல் லான்செட்டில் வந்தது. 156 பேர், அவர்களில் 104 பேர் கார்-டி பிரிவில். நோய் முற்றாமல் இருந்த காலம் 1.77 மாதங்களிலிருந்து 3.25 மாதங்களாக உயர்ந்தது, ஆயுள் 5.49 மாதங்களிலிருந்து 7.92 மாதங்களாக. எல்லா மருந்தும் தோற்றுப்போனவர்களிடம் இது பெரிய சாதனை. ஆனால் அந்த 104 பேரில் 88 பேருக்குத்தான் செல்களைச் செலுத்த முடிந்தது. செல்லை எடுத்து, ஆய்வகத்தில் மாற்றி, தரம் பார்த்துத் திருப்பிக் கொண்டுவருவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. வயிற்று உறையில் நோய் பரவி நீர் கோத்திருக்கும் ஒருவருக்கு வாரங்கள் நீண்ட காலம். செலுத்தப்பட்டவர்களிலும் ஏறத்தாழ எல்லோருக்கும் மூன்றாம் நிலை அல்லது அதற்கும் தீவிரமான பக்கவிளைவுகள் வந்தன. கிளாடின் நல்ல இரைப்பையிலும் இருப்பதால் அதன் உட்சவ்வும் புண்ணாகலாம். பலன் நீடிக்காததற்கு இன்னொரு காரணம், கட்டியின் எல்லா செல்களும் கிளாடினைக் காட்டுவதில்லை. காட்டாதவை பிழைத்துக்கொண்டு வளர்கின்றன.

இந்தியாவில் இந்த வழி மூடியிருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஐஐடி மும்பையும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அது பி செல் ரத்தப் புற்றுநோய்களுக்கானது. திடக் கட்டிக்குக் கொண்டுவருவது வேறு பெரிய வேலை. செல் தயாரிக்கும் தூய அறை, மரபணுவை செல்லுக்குள் கொண்டுசெல்லும் வைரல் வெக்டர், தரக்கட்டுப்பாடு எல்லாம் ஏற்கெனவே இயங்கும் குழுவில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். இல்லாத இடத்தில் முனைவர் பட்டத்துக்காக அதை முதலிலிருந்து கட்டத் தொடங்கினால் பட்டக் காலம் அறை கட்டுவதிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது: கட்டிக்குள்ளே டி செல்லுக்கு என்ன ஆகிறது? முன்சொன்ன இரண்டு வழிகளும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இதை அடிப்படை என்றே நினைக்கிறேன். ஷிமோன் சகாகுச்சி கண்டறிந்த ஒழுங்குபடுத்தும் டி செல்கள், அதாவது ட்ரெக் செல்கள், மற்ற டி செல்களை அடக்கி வைக்கின்றன. தன்னுடல் தாக்குதலிலிருந்து நம்மைக் காப்பவை அவை. 2025 நோபல் பரிசில் சகாகுச்சிக்குப் பங்கு கிடைத்ததும் அதற்காகத்தான். கட்டிக்குள் அதே செல்கள் புற்றுநோயைக் காப்பாற்றுகின்றன. ஜப்பானில் ஹிரோயோஷி நிஷிகாவாவின் குழு 2019இல் காட்டியது என்னவென்றால், ட்ரெக் செல்லிலும் பிடி-1 இருக்கிறது; தடைநீக்கி மருந்து அதன் பிரேக்கையும் எடுத்துவிடும். முற்றிய இரைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு மருந்துக்குப் பிறகு நோய் முன்னைவிட வேகமாகப் பரவுவதற்கு இதுவே ஒரு விளக்கம். நன்மை செய்யும் என்று கொடுத்த மருந்து தீமை செய்யக்கூடிய நோயாளியை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எவ்வளவு அவசரமான வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே குழு அடுத்த ஆண்டு இன்னொன்றைக் காட்டியது. பரவல் வகை இரைப்பைப் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் ரோஏ மரபணு மாற்றம், செல்லின் வளர்சிதை மாற்றத்தை மாற்றிக் கொழுப்பு அமிலங்களை அதிகமாக உற்பத்தி செய்கிறது. ட்ரெக் செல்கள் அந்தக் கொழுப்பு அமிலத்தைத் தின்று வாழும். கூடவே, புற்றுநோய் செல்லைக் கொல்லும் சிடி8 டி செல்களை உள்ளே அழைக்கும் சிஎக்ஸ்சிஎல்10, சிஎக்ஸ்சிஎல்11 என்ற சமிக்ஞைகளும் குறைகின்றன. அடக்குபவை பெருகி, கொல்பவை வெளியே நிற்கும் நிலை ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் உருவாகிறது. இளம் வயதினரைத் தாக்கும் இந்தப் பரவல் வகையில், மோதிர வடிவ செல்கள் நார்த்திசுவுக்குள் சிதறிக் கிடக்க, லிம்போசைட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதை ஒவ்வொரு துண்டிலும் பார்க்கிறேன். தடைநீக்கி மருந்துகள் மிகக் குறைவாக உதவுவதும் இவர்களுக்குத்தான்.

இந்த வழியில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. சிறிய ஆய்வுகளின் முடிவுகள் இங்கே ஏமாற்றும். ரெகோரஃபெனிப் என்ற மருந்தும் நிவோலுமேப்பும் சேர்ந்தால் மேக்ரோபேஜின் அடக்குமுறை குறையும் என்ற எண்ணத்தில் ஜப்பானில் நடந்த ரெகோநிவோ ஆய்வில் இரைப்பைப் புற்றுநோயாளிகள் 25 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது. பெரிய குலுக்கல் ஆய்வுக்குப் போனபோது ஆயுள் கூடவில்லை. ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று தனித்தனியே படிக்கும் தனிசெல் ஆர்என்ஏ ஆய்வுக் கட்டுரைகள் மாதந்தோறும் வருகின்றன. பத்துப் பதினைந்து நோயாளிகளின் செல்களைப் பல வண்ணப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டிவிட்டு நின்றுவிடுபவை அவற்றில் அதிகம். புதிய செல் வகைக்குப் பெயர் வைப்பதோடு நிற்காமல், அந்த செல்லை நீக்கினால் என்ன ஆகிறது என்று சோதித்துக் காட்டும் ஆய்வாக உங்களுடையது இருக்கட்டும்.

பிடி-1, சிடிஎல்ஏ-4 இரண்டையும் ஒரே மூலக்கூறால் தடுக்கும் கடோனிலிமேப் போன்ற இரட்டை ஆன்டிபாடிகள் சீனாவில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. பிடி-எல்1 குறைவாக உள்ளவர்களுக்கும் பலன் காட்டியது கவனிக்கத்தக்கது. செக்மேட்-649இல் நிவோலுமேப்பையும் இபிலிமுமேப்பையும் தனித்தனியாகச் சேர்த்துக் கொடுத்த பிரிவு பக்கவிளைவுகளால் பாதியில் மூடப்பட்டதை நினைத்தால் இது முன்னேற்றம்தான். ஆனால் இது மருந்து நிறுவனங்கள் செய்யக்கூடிய ஆய்வு. மாணவருக்கு இதில் இடம் குறைவு.

நான்காவது வழி, நோய் வருவதற்கு முன்பே தொடங்குகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரியை 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. இந்தக் கிருமி டி செல்களோடு பல பத்தாண்டுகள் வாழப் பழகியது. அதன் வேக்ஏ என்ற நச்சு டி செல் பெருகுவதைத் தடுக்கிறது. எஞ்சியிருக்கும் டிஎச்1, டிஎச்17 என்ற உதவி டி செல்களின் எதிர்வினை கிருமியை ஒழிக்காமல் சவ்வை மட்டும் தொடர்ந்து புண்ணாக்குகிறது. அழற்சி, சவ்வு மெலிதல், குடல்வகை மாற்றம், கடைசியில் புற்றுநோய் என்று படிப்படியாக நகர்கிறது. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் 6 முதல் 15 வயதுவரையிலான 4,464 குழந்தைகளிடம் நடந்த வாய்வழித் தடுப்பூசி ஆய்வு முதல் ஆண்டில் 71.8 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. 2015இல் வெளியான முடிவு அது.

இந்தியாவில் உள்ளவர்களுக்கு இங்கே காத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு. நம் நாட்டில் இந்தக் கிருமித் தொற்று மிகப் பரவலானது. ஆனால் இரைப்பைப் புற்றுநோய் ஜப்பானையும் கொரியாவையும்விட மிகக் குறைவு. நாட்டுக்குள்ளேயே மிசோரம் விதிவிலக்கு. ஐசால் மாவட்டத்தில் நாட்டிலேயே அதிகமான இரைப்பைப் புற்றுநோய் பதிவாகிறது. புகையூட்டிய இறைச்சியும் துய்பூர் என்ற புகையிலைப் புகை நீரும் அங்கே சந்தேகிக்கப்படும் காரணங்கள். மற்ற இடங்களில் தொற்று இருந்தும் நோய் குறைவாக இருப்பதற்கு டி செல் எதிர்வினையின் போக்கும் காரணமா? 2000இல் எலிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று, குடல் புழு சேர்ந்திருந்தால் டிஎச்1 எதிர்வினை தணிந்து இரைப்பைச் சவ்வு மெலிவதும் குறைகிறது என்று காட்டியது. மனிதர்களிடம் இதை முறையாகக் கேட்பதற்கு நம் ஊர் எண்டோஸ்கோபி அறையைவிடப் பொருத்தமான இடம் எது? நிதி கொடுப்பவர்களுக்கு இதில் ஆர்வம் குறைவு, பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் நான்கு வழிகளிலும் மிக அதிக உயிர்களைக் காப்பாற்றக்கூடியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

யாருக்கு எது? மருத்துவமனையோடு இணைந்த நோயியல் துறையில் இருப்பவர்களுக்கு முதல் வழியையே சொல்வேன். பிடி-எல்1 மதிப்பெண்ணைவிட நம்பகமான அடையாளம் தேடும் வேலைக்கு மெழுகுத் துண்டும் நல்ல நுண்ணோக்கியும் சரியான நோயாளிப் பதிவும் இருந்தால் தொடங்கலாம். அதோடு செலவுக் கேள்வியும் இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் டாடா மெமோரியல் மருத்துவமனை வாய்வழி மருந்துகளோடு, வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் 20 மில்லிகிராம் நிவோலுமேப்பைச் சேர்த்துக் கொடுத்து, வாய்வழி மருந்துகள் மட்டும் பெற்றவர்களிடம் 16.3 சதவீதமாக இருந்த ஓராண்டு உயிர்வாழ்வை 43.4 சதவீதமாக உயர்த்திக் காட்டியது. டி செல்லின் பிடி-1ஐ மூட உண்மையில் எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை இரைப்பையிலும் கேட்டாக வேண்டும். இந்த மருந்தை வாங்க முடியாமல் திரும்பிப் போகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வகைப்படுத்தும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, செல் வளர்ப்பு வசதி, உயிருள்ள திசுவை அறுவை அரங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பெறும் ஏற்பாடு ஆகியவை உள்ள ஆய்வகத்தில் இடம் கிடைத்தால் மூன்றாவது வழிக்குப் போங்கள். குடல்நோய்த் துறையோ சமூக மருத்துவத் துறையோ துணை நிற்கும் என்றால் நான்காவது.

எதை எடுத்தாலும் சேருவதற்கு முன் வழிகாட்டியிடம் திசுவைப் பற்றிக் கேளுங்கள். சேமிப்பில் இருப்பது ஃபார்மலினில் ஊறிய துண்டுகள் மட்டுமா, உயிருள்ள செல்லாக உறைய வைத்த ரத்தமும் உண்டா? ஒவ்வொரு மாதிரியோடும் அந்த நோயாளி எந்த மருந்து பெற்றார், எத்தனை மாதம் கழித்து நோய் திரும்பியது என்ற விவரம் இருக்கிறதா? எம்எஸ்ஐ, எப்ஸ்டீன்-பார் பரிசோதனைகள் எல்லோருக்கும் செய்யப்பட்டிருக்கின்றனவா? இல்லை என்றால் அவற்றைச் சேகரிக்க அறநெறிக் குழுவின் அனுமதிக்கு முதல் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். கீமோ தொடங்கிய பிறகு, சிகிச்சைக்கு முந்தைய டி செல்கள் எப்படி இருந்தன என்று பார்க்க அந்த நோயாளியிடம் யாராலும் மறுபடி திசு எடுக்க முடியாது.